எதிரொலி சொன்னதும் சொல்லாததும்

1935-ஆம் ஆண்டு பிப்ரவரி 26, காலை நேரம். இங்கிலாந்தின் டேவென்ட்ரி நகரை அடுத்த வயல்வெளி ஒன்றில் வேன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் சிறிய கண்ணாடித் திரையில் தெரிந்த ஒளிப்புள்ளியையே கவனித்துக்கொண்டிருந்தனர். சற்றுத் தொலைவில் பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பு நிலையம் வழக்கம்போல இயங்கிக்கொண்டிருந்தது. ஹேஃபோர்டு ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று வானில் போவதும் வருவதுமாக இருந்தது. அது நெருங்கும்போதெல்லாம் ஒளிப்புள்ளி கோடாக நீண்டது, சுருங்கியது. விமானத்தின் உடலில் பட்டுத் திரும்பிய வானொலி அலை ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவு வரை அதைக் காட்டிக்கொடுத்தது. அந்தச் சோதனையை வடிவமைத்தவர் ராபர்ட் வாட்சன்-வாட்.

தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே எதிரொலி விண்வெளியிலிருந்து பூமியைப் படமெடுக்கிறது. அந்தப் படத்தை நம் கண்ணுக்குப் பழகிய வண்ணப் புகைப்படமாக மாற்றித்தரும் வேலையை ஆக்கமுறை செயற்கை நுண்ணறிவு ஏற்கத் தொடங்கியிருக்கிறது. புதிய படத்தையும் எழுத்தையும் தானே ஆக்கித்தரும் மென்பொருள் அது. அதன் கையில் ரேடார் தரவைக் கொடுக்கும் முன், ரேடாரைப் பயனுக்குக் கொண்டுவந்த மனிதரின் வாழ்க்கையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. அரைகுறையான தகவலை வைத்துக்கொண்டு உயிர் காக்கும் முடிவை எடுப்பது எப்படி என்ற கேள்வியை எதிர்கொண்டதே அவர் வாழ்க்கை.

வாட்சன்-வாட் 1892 ஏப்ரல் 13 அன்று ஸ்காட்லாந்தின் பிரீக்கின் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தச்சர். நீராவி இயந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டின் வழிவந்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வதில் வாட்சன்-வாட்டுக்குப் பெருமை உண்டு. டண்டீயில் இருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் படித்து 1912-இல் பட்டம் பெற்றார். அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்த வில்லியம் பெட்டீ, வானொலி அலைகளின் பக்கம் அவர் கவனத்தைத் திருப்பினார்.

முதல் உலகப் போர் மூண்டபோது அவர் வானிலைத் துறையில் சேர்ந்தார். அவருக்குத் தரப்பட்ட வேலை இடிமழையைத் தேடுவது. அக்கால விமானங்கள் மரச்சட்டமும் துணியும் கொண்டவை. இடிமேகத்துக்குள் சிக்கினால் பிழைப்பது அரிது. மின்னல் வெட்டும்போது வானொலிப் பெட்டியில் கரகரப்புக் கேட்கும். அந்தக் கரகரப்பு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டறிந்தால், இடிமழை எங்கே இருக்கிறது என்று விமானிகளை முன்கூட்டியே எச்சரிக்கலாம். ஆனால், மின்னல் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும்; கையால் சுழற்றும் ஆன்டெனாவால் அதைத் துரத்திப் பிடிக்க இயலாது. 1920-களில் மின்கதிர்க் குழாய்த் திரை அவருக்குக் கிடைத்தபோதுதான் அந்தத் தடை நீங்கியது. மின்னலின் திசை, திரையில் ஒளிக்கோடாக விழுந்தது.

பிறர் இரைச்சல் என்று ஒதுக்கியதற்குள் செய்தியைத் தேடுவது அவருடைய தொழிலாயிற்று. ஸ்லவ் நகரை அடுத்த ஆய்வு நிலையத்தில் அவர் பல ஆண்டுகள் பணியாற்றினார். வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் மேல்வானப் படலத்துக்கு அயனமண்டலம் என்று பொருள்படும் பெயரை 1926-இல் முன்மொழிந்தவரும் அவரே. இன்று பள்ளிப் பாடநூலில் அந்தப் பெயரைப் படிக்கும் மாணவருக்கு, அதைச் சூட்டியவர் இடிமழை தேடிய தச்சர் மகன் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

1930-களின் தொடக்கத்தில் பிரிட்டனை ஓர் அச்சம் பிடித்திருந்தது. குண்டுவீச்சு விமானங்களைத் தடுக்க வழியே இல்லை என்று ஆட்சியாளர்களே நம்பினர். எதிரி விமானம் கண்ணுக்குத் தெரிவதற்கும் குண்டு விழுவதற்கும் இடையே சில நிமிடங்களே இருக்கும். அதற்குள் போர் விமானங்கள் தரையிலிருந்து மேலெழும்ப இயலாது. இந்தச் சூழலில் மரணக் கதிர் என்ற வதந்தி பரவியது. நூறு கஜத் தொலைவில் ஓர் ஆட்டைக் கொல்லும் கதிரைக் கண்டுபிடிப்பவருக்கு ஆயிரம் பவுண்டு பரிசு தருவதாக விமானப் படை அமைச்சகம் அறிவித்திருந்தது. அப்படியொரு கதிர் சாத்தியமா என்று 1935 தொடக்கத்தில் வாட்சன்-வாட்டிடம் கேட்கப்பட்டது.

அவர் அதைத் தம் உதவியாளர் ஆர்னால்டு வில்கின்ஸிடம் ஒரு கணக்காகக் கொடுத்தார். குறிப்பிட்ட தொலைவில் உள்ள குறிப்பிட்ட அளவு நீரைச் சில பாகை சூடேற்ற எவ்வளவு வானொலி ஆற்றல் தேவை என்பதே கணக்கு. விமானி ஒருவரின் குருதியைக் கொதிக்கவைப்பது பற்றிய கேள்வி அது என்பதை வில்கின்ஸ் புரிந்துகொண்டார். அது நடவாத காரியம் என்று கணக்கு சொன்னது. ஆனால், வில்கின்ஸுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. விமானம் கடந்துபோகும்போது வானொலிச் சமிக்ஞை தடுமாறுவதாக அஞ்சல் துறைப் பொறியாளர்கள் குறிப்பிட்டிருந்தனர். விமானத்தை அழிக்க முடியாவிட்டாலும் அது இருக்கும் இடத்தை அறியலாமே என்று அவர் எண்ணினார். இந்த எண்ணத்தை விரிவான அறிக்கையாக்கி அமைச்சகத்துக்கு அனுப்பினார் வாட்சன்-வாட். சில நாள்களிலேயே டேவென்ட்ரி சோதனை நடந்தது.

வரலாறு வாட்சன்-வாட்டுக்குத் தந்த இடத்தில் வில்கின்ஸுக்கும் பங்கு உண்டு. ரேடாரின் தந்தை என்ற பட்டமும் விவாதத்துக்குரியதே. கப்பல்களை வானொலி அலையால் உணரும் கருவிக்கு ஜெர்மானியரான கிறிஸ்டியான் ஹுல்ஸ்மேயர் 1904-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். 1930-களில் ஜெர்மனி, அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளில் இதே ஆய்வு நடந்துகொண்டிருந்தது. வாட்சன்-வாட்டின் தனிச்சிறப்பு, கையில் இருந்த அரைகுறைக் கருவியை ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைப்பாக மாற்றிக்காட்டியதில்தான் இருக்கிறது.

முழுமையானது ஒருநாளும் வந்துசேராது, அதற்கு அடுத்தது காலம் கடந்து வரும், ஆகவே மூன்றாவது தரத்தையேனும் இப்போதே கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. சஃபக் கடற்கரையின் ஆர்ஃபோர்டு நெஸ் பகுதியிலும், பிறகு பாட்சி மாளிகையிலும் அவருடைய குழு இரவு பகலாக உழைத்தது. அதன் விளைவாகப் பிரிட்டனின் கிழக்கு, தெற்குக் கடற்கரைகளில் செயின் ஹோம் என்ற ரேடார் சங்கிலி எழுந்தது. அதன் கோபுரங்கள் நூறு மீட்டருக்கும் மேல் உயரமானவை. ஜெர்மனியின் ஃப்ரேயா ரேடாரோ 2.4 மீட்டர் அலைநீளத்தில் இயங்கிய நுட்பமான கருவி. அதனுடன் ஒப்பிட்டால், பத்து மீட்டருக்கும் அதிகமான அலைநீளத்தில் இயங்கிய செயின் ஹோம் முரட்டுத்தனமானது. ஆனால், தேவைப்பட்ட நேரத்தில் அது வேலை செய்யும் நிலையில் இருந்தது.

அந்தக் கருவி என்ன காட்டியது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். திரையில் படம் எதுவும் தெரியாது. இடமிருந்து வலமாக ஓர் ஒளிக்கோடு. அதில் எங்கேனும் ஒரு சிறு பள்ளம். பள்ளம் இருக்கும் இடத்தைக் கொண்டு தொலைவைக் கணிக்கலாம். ஒரு குமிழைத் திருகி, பள்ளம் மறையும் நிலையைக் கண்டு திசையைக் கணிக்கலாம். அது துடிக்கும் விதத்தைக் கொண்டு, வருவது ஒரு விமானமா, ஐம்பதா என்று ஊகிக்க வேண்டும். தொலைவு ஓரளவு துல்லியமாகக் கிடைக்கும். திசை அவ்வளவு நம்பகமானதன்று. உயரம் பலமுறை தவறும். பெண்கள் துணை விமானப் படையைச் சேர்ந்த இளம்பெண்கள் பலர், மணிக்கணக்கில் அந்தக் கோட்டைப் பார்த்தே இதையெல்லாம் சொல்லப் பழகினர்.

அவர்கள் சொன்னது நேராகப் போர் விமானங்களுக்குப் போய்விடவில்லை. பென்ட்லி பிரையரியில் இருந்த தலைமையகத்தில் வடிகட்டும் அறை ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அடுத்தடுத்த நிலையங்களின் அறிக்கைகள் அங்கே மேசை மீதிருந்த வரைபடத்தில் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டன. ஒரு நிலையம் சொன்ன தொலைவும் அடுத்த நிலையம் சொன்ன தொலைவும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே நம்பத்தக்க இடமாகக் கொள்ளப்பட்டது. செயின் ஹோம் கடலை நோக்கி மட்டுமே பார்த்தது. எதிரி விமானம் கரையைத் தாண்டியபின், கூர்நோக்கிக் கருவியும் தொலைபேசியுமாக மேட்டில் நின்ற தன்னார்வக் கண்காணிப்பாளர்களே கண்ணால் கண்டு செய்தி சொன்னார்கள். அளவீடு எது, ஊகம் எது என்ற வேறுபாடு இந்த ஒழுங்கின் ஒவ்வொரு படியிலும் காக்கப்பட்டது. போர் விமானப் படையின் தலைவர் ஹியூ டௌடிங் உருவாக்கிய இந்த அமைப்புதான் 1940-இல் பிரிட்டனைக் காத்தது.

இந்த ஒழுங்கு குலைந்தால் என்ன நேரும் என்பதற்குப் போரின் தொடக்கத்திலேயே சான்று கிடைத்தது. 1939 செப்டம்பர் 6, போர் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள். எஸ்ஸெக்ஸ் கடற்கரைப் பகுதியில் எதிரி விமானங்கள் வருவதாகச் செய்தி வந்தது. அவற்றை மறிக்கப் போர் விமானங்கள் புறப்பட்டன. புறப்பட்டவையும் திரையில் எதிரிகளாகத் தெரிந்தன. ஆகவே மேலும் விமானங்கள் அனுப்பப்பட்டன. கடைசியில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் பிரிட்டனின் ஹரிக்கேன் விமானங்கள் இரண்டையே சுட்டு வீழ்த்தின. இளம் விமானி ஒருவர் இறந்தார். பின்னால் நிலப்பகுதியில் பறந்த விமானங்களை, முன்னால் கடலிலிருந்து வருபவையாக ஒரு ரேடார் நிலையம் காட்டிவிட்டது என்பதே பின்னர் பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம். பார்க்கிங் கிரீக் சண்டை என்று அந்த நிகழ்வை இன்றும் குறிப்பிடுகிறார்கள். அந்தச் சண்டையில் எதிரியே இல்லை.

எதிரொலி அன்று பொய் சொல்லவில்லை. ஏதோ ஒரு தொலைவில் விமானம் இருக்கிறது என்பது உண்மை. அது எந்தப் பக்கம், யாருடையது என்பவை எதிரொலியில் இல்லாத செய்திகள். இல்லாத செய்தியை மனித மனம் தன் அச்சத்தால் நிரப்பிக்கொண்டது. அதன்பின் நட்பு விமானங்கள் தம்மை அடையாளம் காட்டும் கருவியைப் பொருத்தும் பணி விரைவுபடுத்தப்பட்டது. கற்பனை நிரப்பிய இடத்தை மற்றோர் அளவீட்டால் நிரப்புவதே அவர்கள் கண்ட தீர்வு.

வாட்சன்-வாட்டுக்கு 1942-இல் சர் பட்டம் கிடைத்தது. அமெரிக்கா போரில் இறங்கியபோது, அந்நாட்டின் வான் பாதுகாப்பு குறித்து ஆலோசனை சொல்லவும் அவர் சென்றுவந்தார். 1952-இல் பிரிட்டன் அரசு அவருக்கு 50,000 பவுண்டு வழங்கிச் சிறப்பித்தது. பிறகு சில காலம் கனடாவில் வாழ்ந்தார். அங்கே கார் ஓட்டிச் சென்றபோது, வேகத்தை அளக்கும் ரேடாரிடம் சிக்கி அபராதம் கட்டினார் என்ற செய்தி அவர் வாழ்வின் புகழ்பெற்ற வேடிக்கை. 1966-இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், பெண்கள் துணை விமானப் படையின் முதல் தலைவராக இருந்த கேத்தரின் டிரெஃபியூசிஸ்-ஃபோர்ப்ஸை மணந்தார். ரேடார் திரைகளின் முன் அமர்ந்த பெண்கள் அவர் தலைமையேற்ற படையைச் சேர்ந்தவர்களே. 1971-இல் மனைவி மறைந்தார். 1973 டிசம்பரில் இன்வெர்னஸ் நகரில் தம் 81-ஆம் வயதில் வாட்சன்-வாட்டும் காலமானார்.

அவர் மறைந்த ஐந்தாவது ஆண்டில், 1978-இல், அமெரிக்காவின் சீசாட் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. அதில் இருந்தது சிந்தெடிக் அபர்ச்சர் ரேடார். 1951-இல் அமெரிக்கப் பொறியாளர் கார்ல் வைலி கண்ட உத்தி அது. நகர்ந்துகொண்டே இருக்கும் சிறிய ஆன்டெனா, தன் பாதை நெடுகிலும் எதிரொலிகளைச் சேகரிக்கிறது. அவை அனைத்தும் கணக்கீட்டால் ஒன்றாக்கப்படும்போது, மிக நீண்ட ஆன்டெனாவால் பார்த்ததுபோன்ற நுட்பமான படம் கிடைக்கிறது. திரையில் ஒரு பள்ளமாகத் தொடங்கிய எதிரொலி இவ்வாறு படமாயிற்று. ஐரோப்பாவின் சென்டினல்-1 வரிசை 2014 முதலும், இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து உருவாக்கி 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் அதன் பின்னரும் இப்பணியில் உள்ளன. இருளும் மேகமும் இவற்றுக்குத் தடையல்ல. புயலும் வெள்ளமும் சூழ்ந்து, சாதாரணக் கேமரா மேகத்தை மட்டுமே பார்க்கும் நாளில், நிலத்தைப் பார்க்கக்கூடியவை இவையே.

ஆனால், இந்தப் படம் நம் கண்ணுக்குப் பழகியதன்று. கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக, உப்பும் மிளகும் தூவியது போன்ற புள்ளிகளுடன் இருக்கும். அசையாத நீர்ப்பரப்பு அலைகளை வேறு பக்கம் சிதறவிட்டுவிடுவதால் கருமையாகத் தெரியும். வழவழப்பான விமான ஓடுதளமும் அதே கருமையாகத் தெரியும். நீர் சூழ்ந்த கட்டடங்களோ, அலை நீரிலும் சுவரிலுமாக இருமுறை பட்டுத் திரும்புவதால், முன்னைவிட வெண்மையாக ஒளிரக்கூடும். வெள்ளம் என்றால் கருமை என்று நினைப்பவர், மூழ்கிய தெருவைப் பத்திரமான தெரு என்று எண்ணிவிடலாம். மலைப்பகுதியில் சிகரம் அடிவாரத்தின் மீது சாய்ந்து விழுந்ததுபோலத் தோன்றும்.

இந்த இடத்தில்தான் ஆக்கமுறை செயற்கை நுண்ணறிவு வருகிறது. ஒரே இடத்தின் ரேடார் படத்தையும் வண்ணப் படத்தையும் இணை இணையாக லட்சக்கணக்கில் காட்டி மென்பொருளைப் பயிற்றுவிக்கிறார்கள். பிறகு ரேடார் படத்தை மட்டும் கொடுத்தால், வண்ணப் படம் எப்படி இருந்திருக்கும் என்பதை அது வரைந்து தருகிறது. புள்ளி இரைச்சலை நீக்கவும், அரிதாகவே கிடைக்கும் காட்சிகளுக்கு மாதிரிப் படங்களை உருவாக்கவும், படத்தில் உள்ளதைச் சொற்களில் விளக்கவும் அதைப் பயன்படுத்த முயல்கிறார்கள். ரேடார் படத்தைப் படிக்கக் கற்றவர்கள் மிகச் சிலரே. வெள்ளத்தின் நடுவே படகை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டிய அதிகாரிக்கு, புரியும் படம் ஒன்று கிடைப்பது பெரும் உதவி என்பதை மறுக்க முடியாது.

ஆயினும், நிறம் என்பது ரேடார் எதிரொலியில் இல்லவே இல்லை. மென்பொருள் தீட்டும் பச்சை வயலும் பழுப்புக் கரையும் சிவப்புக் கூரையும், முன்பு பார்த்த படங்களிலிருந்து அது செய்துகொண்ட ஊகங்கள். ஐரோப்பிய வயல்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், நெல் வயல்களும் ஏரிகளும் நிறைந்த நிலப்பகுதியைத் தனக்குத் தெரிந்த நிலமாகவே வரையக்கூடும். உடைந்த கரை அரிதான காட்சி. உடையாத கரை வழக்கமான காட்சி. வழக்கத்தைக் கற்ற மென்பொருள் உடைப்பை அழகாக மூடி வரைந்துவிட்டால், அந்தப் படத்தை நம்பி ஒரு கிராமத்தை வெளியேற்றாமல் விட்டுவிட நேரும். பேரிடர் என்பதே வழக்கத்துக்கு மாறானது. போர்க்களப் படங்களுக்கும் இது பொருந்தும். பார்க்கிங் கிரீக்கில் மனித அச்சம் செய்த வேலையை, இங்கே மென்பொருளின் பழக்கம் செய்யும். அன்றைய பள்ளத்தைப் பார்த்தவருக்கு அது அரைகுறைத் தகவல் என்பதாவது தெரிந்திருந்தது. இன்றைய படமோ முழுமையானதுபோல் தோன்றி, ஐயத்தையே எழவிடாது.

அதனால் இத்தொழில்நுட்பத்தையே ஒதுக்க வேண்டும் என்பது வாட்சன்-வாட்டின் வாழ்க்கை தரும் பாடமன்று. குறையுள்ள கருவியைக் காலத்தே பயன்படுத்தத் துணிந்தவர் அவர். முழுமைக்காகக் காத்திருந்தால் 1940-ஐப் பிரிட்டன் கடந்திருக்காது. அவருடைய தலைமுறை மூன்றாம் தரக் கருவியை ஏற்றுக்கொண்டது. ஆனால், அதை முதல் தரம் என்று எவரிடமும் சொல்லவில்லை. அதன் குறைகளை அறிந்தே அதைச் சுற்றி வடிகட்டும் அறையையும் கண்காணிப்பாளர் படையையும் எழுப்பியது.

நாம் செய்ய வேண்டியதும் அதுவே. மென்பொருள் தீட்டிய ஒவ்வொரு படத்தோடும் மூல ரேடார் படம் உடன் வர வேண்டும். எது அளந்தது, எது வரைந்தது என்பது பார்த்தவுடன் தெரியும்படி குறிக்கப்பட வேண்டும். மென்பொருள் உறுதியற்றிருக்கும் இடங்களை அழகாக நிரப்பாமல் வெறுமையாக விட வேண்டும். மற்றொரு செயற்கைக்கோளின் பார்வை, ஆற்றின் நீர்மட்டக் கணக்கு, களத்தில் நிற்கும் வருவாய்த் துறை ஊழியரின் தொலைபேசிச் செய்தி ஆகியவற்றோடு ஒப்பிட்ட பிறகே முடிவு எடுக்கப்பட வேண்டும். ரேடார் படத்தை மூல வடிவிலேயே படிக்கத் தெரிந்த இளைஞர்களை நம் பல்கலைக்கழகங்கள் உருவாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வரைந்து தர மென்பொருள் வந்துவிட்டது என்பதற்காக, படிக்கத் தெரிந்த கண்களை நாம் இழந்துவிடக் கூடாது.

இரைச்சலுக்குள் மின்னலைத் தேடியவர் வாட்சன்-வாட். அவர் தேடியது அங்கே இருந்த மின்னலை. இல்லாத மின்னலை அவர் ஒருபோதும் வரைந்துகொள்ளவில்லை. டேவென்ட்ரி வயல்வெளியில் ஒளிப்புள்ளி சொன்னது மிகக் குறைவு. அந்தக் குறைவை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டதால்தான் அதை நம்பி ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ள முடிந்தது. எதிரொலி சொன்னதைச் சொன்னபடி கேட்பதும், அது சொல்லாததைச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்வதும் ரேடாரின் முதல் தலைமுறை கைக்கொண்ட ஒழுக்கம். அடுத்த தலைமுறைக் கருவிகளிடமும் நாம் அதையே கேட்டுப் பெற வேண்டும்.